மூன்று மான்கள்

திருவண்ணாமலைக்காரனுக்கு உருவம் பற்றிய வழக்கு புதிதல்ல. அடியும் முடியும் தெரியாத நெருப்புத் தூணைத் தேடிப் பன்றியாகக் குடைந்து சென்றவரும் அன்னமாகப் பறந்து சென்றவரும் தோற்றுத் திரும்பிய கதைதான் எங்கள் ஊரின் தலபுராணம். தெய்வத்தை எப்படி வரைவது என்று கேட்டால் இங்கே மலையைக் கைகாட்டி விடுவார்கள். அதே ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களிலோ நேரெதிரான வழக்கம். திரௌபதி அம்மன் திருவிழாவில், பகலெல்லாம் வயலில் நின்ற ஒருவர் இரவில் அரிதாரம் பூசி, கட்டை கட்டி, அர்ச்சுனனாக வருவார். தபசு மரத்தின் உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சம் பழத்துக்காகப் பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். அவர் யார் வீட்டுப் பிள்ளை என்பது அத்தனை பேருக்கும் தெரியும். இருந்தும் மடியேந்துவார்கள்.

இந்த இரண்டு வழக்கங்களுக்கும் இடையில் வளர்ந்த எனக்கு, ஜப்பானியர் ஒருவர் சொன்னதாகப் படித்த ஒரு வாதம் நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. இராமன் கடவுள், ஒரு நடிகனின் உடம்பில் அவனை அடைக்க முடியாது, ஆகவே அவனை வரையத்தான் வேண்டும். யூகோ சாகோ என்ற ஆவணப்பட இயக்குநரின் வாதம் இது. 1992இல் நிறைவடைந்த 'இராமாயணம்: இளவரசன் இராமனின் கதை' என்னும் அனிமேஷன் படம் இந்த எண்ணத்திலிருந்து பிறந்தது. எங்கள் ஊர்க் கூத்துக் களரியில் இந்த வாதம் செல்லாது. ஆனாலும் அது ஒரு நல்ல படத்தைத் தந்திருக்கிறது.

நான் அதை முதலில் பார்த்தது, பலரையும் போல, இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒரு குழந்தைகள் தொலைக்காட்சி அலைவரிசையில். ஜப்பான்காரன் எடுத்த இராமாயணம் என்றுதான் வீட்டில் பேர். இயக்கியவர்களின் பெயர்ப் பட்டியலில் சாகோவுக்கும் கோயிச்சி சசாகிக்கும் அருகே ராம் மோகன் என்றொரு பெயர் இருந்ததை நான் கவனிக்கவில்லை. வெகுகாலம் கழித்துக் கவனித்தபோது அது யார் என்று தேட வேண்டியிருந்தது. வெட்கப்பட வேண்டிய தேடல்தான். ஏனென்றால் அந்த மனிதரின் வேலையை நான் குழந்தைப் பருவத்திலிருந்தே பார்த்து வந்திருக்கிறேன், பெயர் தெரியாமல்.

ராம் மோகன் 1931இல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்று, மேற்படிப்புக்காகப் பம்பாய் சென்றவர். வேதியியல் கைவிட்டுப் போனது. 1956இல் மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷனில் புதிதாகத் தொடங்கப்பட்ட கார்ட்டூன் பிரிவில் சேர்ந்துவிட்டார். அங்கே பயிற்சியளிக்க அமெரிக்காவிலிருந்து தொழில்நுட்ப உதவித் திட்டத்தின் கீழ் வந்திருந்தவர் கிளேர் வீக்ஸ். டிஸ்னி நிறுவனத்தில் 'ஸ்நோ ஒயிட்' காலத்திலிருந்து பணியாற்றியவர். 1942இல் வெளிவந்த 'பாம்பி' என்னும் மான்குட்டியின் கதையிலும் அவர் கை உண்டு. மிஷனரிப் பெற்றோருக்கு இந்தியாவிலேயே பிறந்தவர் என்பது கூடுதல் சுவாரசியம்.

அந்தப் பயிற்சிக் காலத்தில் கார்ட்டூன் பிரிவு உருவாக்கிய படம் 1957இன் 'ஆலமர மான்'. புத்த ஜாதகக் கதை. சினையுற்ற பெண்மானுக்குப் பதிலாகத் தன் தலையைக் கொடுக்க வரும் மான்களின் அரசனைப் பற்றியது. அஜந்தா ஓவியங்களின் கோட்டை அசைய வைக்க முயன்ற படம் என்று சொல்லலாம். ஆனால் அஜந்தாவின் கோடு அசைவதற்காகப் போடப்பட்டதல்ல. அது தன்னுள்ளே அசைவை அடக்கி வைத்துக்கொண்டு நிற்பது. டிஸ்னியின் கோடோ நிற்கவே தெரியாதது, எப்போதும் பந்துபோல் அமுங்கி எழுவது. பாம்பியை வரைந்த கையிடம் பயின்று போதிசத்துவ மானை வரைவது என்பதில் இருந்த இழுபறியை இந்திய அனிமேஷன் கடைசிவரை தீர்த்துக்கொள்ளவில்லை என்றே நினைக்கிறேன். ராம் மோகனின் தொழில் வாழ்க்கை முழுவதும் இந்த இழுபறிக்குள்தான் நடந்தது.

பிலிம்ஸ் டிவிஷன் என்றதும் ஒரு தலைமுறைக்குத் தோன்றுவது கொட்டகை வாசலில் டீ குடித்த நினைவாகத்தான் இருக்கும். செய்திப் படத்தையும் குறும்படத்தையும் காட்டியே தீரவேண்டும் என்பது சட்டம்; அவை முடியும்வரை வெளியே நிற்பது எங்கள் ஊர்க் கொட்டகையின் எழுதாத சட்டம். மெயின் படத்தின் இசை கேட்டதும் பீடியை மிதித்துவிட்டு உள்ளே ஓடுவார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த சிறுவர்களாகிய நாங்கள் மட்டும் அந்தக் கோட்டுருவங்களைப் பார்த்தோம். குடும்பக் கட்டுப்பாடு, சேமிப்பு, சாலை விதி. போதிப்பதற்காகக் கொடுக்கப்பட்ட இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். அந்தக் குறுகலுக்குள் வேலை செய்தவர்கள் கற்றுக்கொண்டது சுருக்கம் என்னும் கலையை.

இங்கே அனிமேஷனில் படத்தொகுப்பு என்பது என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் தொகுப்பாளர் கடைசியில் வருகிறார். பத்து மடங்கு எடுத்துக் குவித்ததிலிருந்து வேண்டியதை வெட்டி எடுக்கிறார். பீம்சிங்கின் மகன் பி. லெனின் போன்ற ஒரு தொகுப்பாளரின் மேதைமை, எதை விடுவது என்பதில் தெரியும். கையால் வரையும் அனிமேஷனில் விடுவதற்கு எதுவும் கிடையாது. திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள். ஒரு படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினாலும் நொடிக்குப் பன்னிரண்டு படங்கள் வரைய வேண்டும். நூறு பேர் ஒரு மாதம் வரைந்ததை மேசையில் வெட்டி எறிய எந்தத் தயாரிப்பாளரும் சம்மதிக்க மாட்டார். ஆகவே வெட்டு முதலிலேயே, காகிதத்தில், காட்சிப் பலகையில் நடந்துவிடுகிறது. எந்த இடத்தில் நெருங்க வேண்டும், எத்தனை நொடியில் விலக வேண்டும் என்பதை ஒரு கோடுகூட அசைவதற்கு முன்னால் இயக்குநர் முடிவு செய்கிறார். அனிமேஷன் இயக்குநர் அடிப்படையில் ஒரு முன்கூட்டிய படத்தொகுப்பாளர்.

ராம் மோகன் 1960களின் பிற்பகுதியில் அரசுப் பணியை விட்டு பிரசாத் புரொடக்ஷன்ஸின் அனிமேஷன் பிரிவுக்குத் தலைமையேற்றார். 1972இல் தன் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஆண்டின் 'யூ செட் இட்', பின்னர் 1983இன் 'ஃபயர் கேம்ஸ்' ஆகியவற்றுக்கு தேசிய விருதுகள். ஆனால் வயிற்றுப்பாடு விளம்பரங்களிலும் இந்திப் படங்களின் டைட்டில்களிலும்தான். மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' (1969), சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி' (1977) ஆகியவற்றின் அனிமேஷன் துண்டுகளும் அவர் பங்களிப்பே. 'சத்ரஞ்ச்' படத்தில் பிரிட்டிஷார் சமஸ்தானங்களை ஒவ்வொன்றாக விழுங்குவதைக் கேலியாகக் காட்டும் பகுதியை யாரும் மறந்திருக்க முடியாது. ஆனால் அதைப் பற்றிப் பேசும்போது ராய் என்றுதான் சொல்கிறோம். அது தவறும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

இப்படி முப்பத்தைந்து ஆண்டுகள். பிறர் படங்களுக்குள் இரண்டு நிமிடம், பிறர் பொருட்களுக்கு முப்பது நொடி. ஒரு முழுநீளப் படம் இயக்கும் வாய்ப்பு இந்தியாவிலிருந்து வரவில்லை.

அது வந்த வழி விசித்திரமானது. 1983இல் அலகாபாத் அருகே தொல்லியலாளர் பி.பி. லால் நடத்திய அகழாய்வுகள் பற்றி ஆவணப்படம் எடுக்க யூகோ சாகோ இந்தியா வந்தார். அந்தப் பணியில்தான் அவருக்கு இராமாயணம் அறிமுகமானது. ஜப்பானிய மொழியில் கிடைத்த பத்து வடிவங்களை அவர் படித்ததாகச் சொல்வார்கள். ஆனால் ஆவணப்படம் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தியைத் தவறாகப் புரிந்துகொண்ட விசுவ இந்து பரிஷத், அயல்நாட்டவர் ஒருவர் இராமாயணத்தைத் தன் விருப்பப்படி படமாக்கக் கூடாது என்று தில்லியிலுள்ள ஜப்பானியத் தூதரகத்துக்கு ஆட்சேபக் கடிதம் அனுப்பியது. படமாக்கும் எண்ணமே இல்லாதவருக்கு எதிராக வந்த ஆட்சேபம், அந்த எண்ணத்தை வளர்த்தது என்பதுதான் வேடிக்கை. சாகோ அவர்களைச் சந்தித்து விளக்கினார். அனிமேஷன் யோசனையையும் முன்வைத்தார். அவர்களின் எதிர்ப்பு பிறகு தணிந்தது. தணியாதது அரசாங்கத்தின் தயக்கம். இராமாயணம் மென்மையான விஷயம், அதைக் கார்ட்டூனாக்க முடியாது என்று கூட்டுத் தயாரிப்புக்கு மறுத்துவிட்டார்கள்.

அந்த மறுப்பைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். மறுத்த அதே அரசாங்கம்தான் முப்பது ஆண்டுகளாகக் கார்ட்டூன் பிரிவு ஒன்றை நடத்தி வந்தது. தோல்பாவைக் கூத்தில் இராமனை ஆட்டுத்தோலில் வெட்டி, விளக்கொளியில் அசைத்து, நூற்றாண்டுகளாகக் கதை சொல்லி வந்த நாடு இது. அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால் நடப்பது அனிமேஷன் இல்லாமல் வேறென்ன? அனுமன் அதில் கோமாளித்தனமும் செய்வான், யாரும் புண்பட்டதில்லை. அயோத்திப் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் என்பதே மறுப்பின் பின்னணி. இராமன் அரசியலின் வசம் போன பிறகு அவனை ஓர் ஓவியரிடம் ஒப்படைக்க அதிகாரிகளுக்குத் துணிவு வரவில்லை.

ஆகவே படம் ஜப்பானில் தயாரானது. 1990இல் முழுவீச்சில் தொடங்கிய பணியில் சுமார் 450 கலைஞர்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் படங்கள். ராம் மோகன் இந்தியத் தரப்பின் இயக்குநர். அவருடைய வேலை வரைவது மட்டுமல்ல. வேட்டி எப்படி மடிந்து விழும், எப்படிக் கைகூப்புவது, எப்படித் தரையில் உட்கார்வது, பெரியவர் முன் ஒருவர் எப்படி நிற்பார் என்பதையெல்லாம் ஜப்பானிய ஓவியர்களுக்கு இந்தியத் தரப்பு கற்றுத்தர வேண்டியிருந்தது. நமக்குச் சொல்லித் தெரிய வேண்டாதவை. ஆனால் கைகூப்புவதை நொடிக்குப் பன்னிரண்டாகப் பிரித்து வரைய வேண்டியவனுக்கு, விரல்கள் எப்போது சேர்கின்றன, தலை கைக்கு முன்னால் குனிகிறதா பின்னாலா என்பது தெரிந்தாக வேண்டும். ஒரு பண்பாட்டை அத்தனை மெதுவாகப் பார்க்கும் வாய்ப்பு வேறு எந்தக் கலையில் கிடைக்கும்?

ஜப்பானிய அனிமேஷனுக்கும் நிற்கத் தெரியும். 1963இல் ஒசாமு தெசுகா 'ஆஸ்ட்ரோ பாய்' தொலைக்காட்சித் தொடரைத் தொடங்கியபோது பணம் போதாமல் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார். முகம் அப்படியே இருக்கும், கண்ணும் வாயும் மட்டும் அசையும். சிக்கனமாகத் தொடங்கியது நாளடைவில் ஓர் அழகியலானது. அந்த நிதானம் இராமாயணத்துக்குப் பொருந்தி வந்ததை இந்தப் படத்தில் காணலாம். காட்டின் பின்னணிகள், கும்பகர்ணன் எழும்போது அவன் உடம்பை ஒரு நிலப்பரப்பாகக் காட்டும் கோணங்கள், வானரப் படை கடலைப் பார்த்து நிற்கும் நேரம். எனக்குக் குறைகளும் தெரிகின்றன. இராமனின் முகத்தில் பல இடங்களில் சாந்தம் வெறுமையாகிவிடுகிறது. கம்பனில் ஊறியவர்களுக்கு இராவணன் மிகவும் ஒற்றைப்பரிமாணமாகத் தோன்றக்கூடும்.

பொன்மான் வரும் இடத்தில் மட்டும் நான் ஒவ்வொரு முறையும் நிற்கிறேன். மாயமான் வெறும் அழகாக இருந்தால் போதாது. அது உண்மையான மான்போலவும் இருக்க வேண்டும், உண்மையாக இருக்க முடியாதது போலவும் இருக்க வேண்டும். சீதை நம்ப வேண்டும். இலக்குவன் சந்தேகிக்க வேண்டும். அனிமேஷனின் சிக்கலே இதுதான். பாம்பியை வரைந்தவரிடம் பயின்று, போதிசத்துவ மானோடு தொழிலைத் தொடங்கிய ஒருவர், அறுபது வயதில் டோக்கியோ ஓவியர்களோடு மாரீசனிடம் வந்து சேர்ந்தார். இதை நான் மிகைப்படுத்திப் பார்க்கிறேனோ என்னவோ.

வன்ராஜ் பாட்டியாவின் இசையும் சமஸ்கிருதப் பாடல்களும் கொண்ட அந்தப் படம், 1993 ஜனவரியில் இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. பாபர் மசூதி இடிக்கப்பட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. பரவலான திரையரங்கு வெளியீடு நடக்கவில்லை. அமெரிக்காவுக்காக வேறு குரல்களோடு மறுதொகுப்பு செய்யப்பட்ட ஒரு வடிவமும் பின்னர் வந்தது. முன்கூட்டியே வெட்டித் தீர்த்து வரைந்த படத்தை மறுபடியும் வெட்டுவது என்பதில் ஒரு கொடுமை இருக்கிறது.

ராம் மோகன் அடுத்து செய்த பெரிய வேலை எந்தப் புராணமும் அல்ல. யுனிசெஃப் அமைப்புக்காக 'மீனா' என்னும் தெற்காசியச் சிறுமி. பள்ளிக்கு அனுப்பப்படாத மீனா, தன் கிளியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி அது கேட்டு வந்ததிலிருந்து கணக்குக் கற்றுக்கொள்கிறாள். அதை வைத்து வீட்டுக் கோழி திருடுபோனதைக் கண்டுபிடிக்கிறாள். வங்கதேசத்தில் தொடங்கிப் பல நாடுகளில் மீனாவைத் தெரியாத குழந்தை இல்லை என்ற நிலை வந்தது. எந்த நாட்டுப் பெண் என்று சொல்ல முடியாதபடி அவள் உடையும் முகமும் அமைக்கப்பட்டிருந்தன. பிலிம்ஸ் டிவிஷனின் போதனைப் பாணியில் பழகிய கை, போதனை தெரியாமல் கதை சொல்ல முடியும் என்று காட்டியது இதில்தான். இராமாயணத்தைவிட மீனா முக்கியமான படைப்பு என்று யாராவது வாதிட்டால் நான் மறுக்க மாட்டேன்.

1998இல் அவர் நிறுவனம் யுடிவியோடு இணைந்தது. 2014இல் பத்மஸ்ரீ. யூகோ சாகோ 2012இலும் ராம் மோகன் 2019 அக்டோபரிலும் மறைந்தார்கள். பிலிம்ஸ் டிவிஷனும் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுத் தனி நிறுவனமாக இல்லாமல் போனது.

2025 ஜனவரி 24 அன்று, படம் முடிந்து முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 'இராமாயணம்' இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. புதுப்பிக்கப்பட்ட பிரதி, ஆங்கிலம், இந்தி, தெலுங்கோடு தமிழிலும் பேசியது. விளம்பரங்கள் அதை ஜப்பானிய அனிமே என்று அழைத்தன. அண்மையில் மீண்டும் பார்த்தபோது பக்கத்தில் இருந்த என் அண்ணன் மகளிடம், இதை இயக்கியவர்களில் ஒருவர் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர் என்று சொன்னேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சித்தப்பா, மான் வருது, பேசாதீங்க" என்றாள்.