எலும்பு அரைத்தலும் வீட்டு மிக்சியும்

பச்சைக் கறியை எலும்போடு சேர்த்து வீட்டு மிக்சியில் அரைக்கும்போது மோட்டாரையும் ஜாடியையும் இணைக்கும் கப்ளர் தெறிப்பது, மோட்டார் புகைவது, பிளேடு மூளியாவது, ஜாடியின் அடியில் சாறு கசிவது போன்ற பழுதுகள் நேர்கின்றன. கொத்துக்கறி வேண்டுவோர் கறிக்கடையிலேயே கொத்தி வாங்கிவிடலாம். நாய்க்காக எலும்பையும் அரைக்க முயலும்போதுதான் சேதம் பெரிதாகிறது. அதனால் நாய் இனத்துக்குப் பேர்போன விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக்கு இது நெருக்கமான செய்தி.

பின்னணி: பால்வெள்ளை உடலும் ரோஸ் நிற மூக்கும் கொண்ட ராஜபாளையம் நாய், காட்டுப்பன்றி வேட்டைக்குப் பேர்போன இனம். இந்திய அஞ்சல் துறை 2005இல் அஞ்சல்தலை வெளியிட்ட நான்கு நாய் இனங்களில் இதுவும் ஒன்று. வேட்டைக்குச் சட்டம் தடை போட்டபின் இப்போது வீட்டுக்கும் தோப்புக்கும் காவல் நாய். இதுபோன்ற ஊர்நாய்கள் கம்பங்கூழ், கேப்பைக்கூழ், மோர்ச்சோறு என்று வீட்டில் இருப்பதைத் தின்று வளர்ந்தவை. பச்சைக்கறியும் எலும்புமே நாய்க்கு ஏற்ற உணவு என்ற கருத்தைப் பரப்பியவர் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட். அவருடைய நூல் 1993இல் வந்தது. எலும்பு தொண்டையில் சிக்கிவிடுமே என்று அஞ்சுவோர் மிக்சியைத் தேடுகிறார்கள்.

எலும்பைச் சேர்க்க நினைப்பதில் நியாயம் இருக்கிறது. வெறுங்கறியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. குட்டிக்கு வெறுங்கறியை மட்டுமே போட்டு வளர்த்தால் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். கால்கள் வளையும், எளிதில் முறியும். கால்சியம் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அதை மிக்சி வழியாகத் தேடுவதுதான் தவறு.

பழுதாகும் விதம்: வெளிநாட்டு மிக்சி இந்திய மசாலாவைத் தாங்காததால், 1963இல் எஸ்.பி. மாத்தூர் 'சுமீத்' மிக்சியைக் கொண்டுவந்தார். காய்ந்த விரலி மஞ்சளைப் பொடியாக்கும் கருவிக்குக் கோழி எலும்பு எம்மாத்திரம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் மஞ்சள் காய்ந்தது, அடித்தால் சிதறும். பச்சை எலும்பு அப்படியல்ல. அதன் சுண்ணாம்புச் சத்துக்குள் கொலாஜன் என்ற புரத நார் பின்னிக் கிடக்கிறது. அடியை வாங்கிக்கொண்டு வளையுமே தவிர, சட்டென்று பொடியாகாது.

மிக்சி பிளேடு கத்திபோல் அறுப்பதில்லை. நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று வேகத்தில் அடித்தே உடைக்கிறது. ஜாடிக்குள் பொருள் புரண்டு வந்தால்தான் அரைபடும். கறியின் ஜவ்வும் நரம்பும் பிளேடைச் சுற்றிக்கொள்ள, கொழுப்பு சுவரில் அப்ப, ஓட்டம் நின்றுவிடும். ஓர் எலும்புத் துண்டு பிளேடுக்கும் சுவருக்கும் இடையில் சிக்கினால் பிளேடு நிற்கும், மோட்டார் நிற்காது. அந்த இழுவையில் முதலில் போவது கப்ளர். அதன் பற்கள் வழித்துக்கொண்டு போகும். கப்ளர் மலிவான உருப்படி. அது உடைந்து மோட்டாரைக் காப்பாற்றினால் நல்லதே. அது தாங்கிவிட்டால்தான் ஆபத்து. மின்னோட்டம் ஏறி, வார்னிஷ் கருகும் வாடை வரும். மிக்சியின் அடியிலுள்ள சிவப்புப் பாதுகாப்புப் பொத்தான் துள்ளி இணைப்பைத் துண்டிக்கும். பிளக்கைப் பிடுங்கி, ஜாடியை இறக்கி, மோட்டார் நன்றாக ஆறியபின்தான் அதை அழுத்த வேண்டும். உடனே அழுத்தி மறுபடி ஓட்டினால், அடுத்து காயில் கட்டக் கொடுக்க வேண்டியதுதான்.

கண்ணுக்குத் தெரியாத கேடு, ஜாடியின் அடியில் பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ்ஷில் இருக்கிறது. தேய்ந்த புஷ் வழியாகக் கறிச்சாறு கசிந்து, பிளேடின் அடியிலும் வாஷரின் மடிப்பிலும் தங்கும். பச்சைக் கோழியில் சால்மோனெல்லா, கேம்பைலோபேக்டர் கிருமிகள் இருக்கலாம். குழம்பு கொதித்தால் அவை சாகும். மறுநாள் அதே ஜாடியில் அரைக்கும் தேங்காய்ச் சட்னியை யாரும் கொதிக்க வைப்பதில்லை. குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த ஒரு காரணமே போதும், பச்சைக்கறிக்குத் தனி ஜாடி வைக்க. பிளேடின் நுனி பெயர்ந்திருந்தால் அரைத்ததை நாய்க்கும் போடக்கூடாது. இரும்புச் சில்லு குடலைக் கிழிக்கும்.

வெட் கிரைண்டர் இதற்கு ஆகாது. ஊறிய அரிசிக்கும் உளுந்துக்கும் அமைந்த கல் அது. எலும்பு குழவியைத் தூக்கிவிடும், பெல்ட் வழுக்கும்.

மாற்று வழிகள்: கறி அரைக்கும் மெஷின் வேறு வகை. மரையுள்ள தண்டு மெதுவாகச் சுற்றிக் கறியைத் தள்ள, சல்லடைத் தட்டோடு ஒட்டிய கத்தி அறுக்கும். கறியைக் குளிரவைத்து நீளவாக்கில் நறுக்கிப் போட்டால் நரம்பு அவ்வளவாகச் சுற்றாது. ஆனால் வீட்டு மெஷின்கள் பலவற்றில் உள்ளே இருப்பது நைலான் பல்சக்கரம். எலும்பு போடலாம் என்று தயாரிப்பாளர் சொல்லாத மெஷினில் கோழிக் கழுத்தைக்கூடப் போடக்கூடாது. ஆட்டுக் கால் எலும்புக்கு வீட்டு மெஷின் எதுவும் தோதில்லை.

நாட்டுக்கோழி ரசத்துக்கு எலும்பை உரலில் இடிப்பது நம் பழைய வழக்கம். ஓங்கிய அடியைக் கல் தாங்கும், மோட்டார் தாங்காது. குக்கரும் உதவும். நெடுநேரம் அழுத்தத்தில் வேகும்போது கொலாஜன் கரைந்து இறங்க, கோழி எலும்பு விரலால் நசுக்கினால் மாவாகும். அரைவேக்காட்டில் இறக்கினால் கூரிய சில்லுகளாக உடைந்து குடலைக் குத்தும். ஒவ்வொரு துண்டையும் நசுக்கிப் பார்த்தே போட வேண்டும்.

கால்சியத்துக்கு எல்லாவற்றிலும் எளிது முட்டை ஓடு. கழுவி, கொதிக்கவைத்து, காயவைத்து, உலர் ஜாடியில் இரண்டு சுற்று விட்டால் நைசான பொடி. ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் உண்டு. எவ்வளவு கலப்பது என்பது நாயின் வயதையும் எடையையும் பொறுத்தது. குட்டிக்குக் கால்சியம் மிகுந்தாலும் எலும்பு வளர்ச்சி கெடும் என்பதால் கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும்.