அம்மை குத்துதலும் சமய வழக்கமும்

பெரியம்மையைத் தமிழ் மக்கள் வெறும் நோயாகக் கருதவில்லை. மாரியம்மனே உடலில் இறங்கியிருப்பதாக மதுரை வட்டாரக் கிராமங்களில் நம்பினர். கொப்புளங்களை ‘முத்து’ என்றனர். வாசலில் வேப்பிலை செருகி, நோயாளியைத் தனியே படுக்கவைத்து, குளிர்ச்சியான உணவு கொடுத்து, இறுதியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றினர். மருந்து கொடுத்தால் அம்மன் சினம் கொள்வாள் என்ற அச்சமும் இருந்தது.

எட்வர்டு ஜென்னர் 1796இல் கண்ட பசுவம்மைத் தடுப்புமுறை 1802இல் இந்தியாவுக்கு வந்தது. அம்மை குத்திக்கொள்வது தெய்வக் குற்றமாகுமா என்ற கேள்வி எழுந்தது.

எல்லிசின் வழி

திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த சென்னை ஆட்சியர் எல்லிசு, இதற்காகத் தமிழில் ஒரு நூல் எழுதினார். அதில் அம்மனும் தன்வந்திரியும் உரையாடுகின்றனர். அம்மைப் பால், பஞ்சகவ்வியம் தரும் பசுவின் மற்றொரு கொடையாகக் காட்டப்படுகிறது. அவர் வடமொழியில் ஒரு பாடல் இயற்றிப் பழைய தாளில் எழுதவைத்து, கண்டெடுத்த பழம்பாடல்போலப் பரப்பியதாகவும் அக்காலக் குறிப்பு ஒன்று கூறுகிறது. அவர் 1819இல் இராமநாதபுரத்தில் இறந்தார். திண்டுக்கல்லில் அடக்கம் செய்யப்பட்டார்.

யூதச் சட்டத்தின் வழி

யூதர்களும் இக்கேள்வியைச் சந்தித்தனர். உயிர் காப்பதற்காக ஓய்வுநாள் விதியையும் மீறலாம் என்பது அவர்களது சமயச் சட்டம். ஆனால், நலமாக உள்ள குழந்தையை, நாளை வரக்கூடிய நோய்க்காக இன்று சிறு ஆபத்துக்கு உட்படுத்தலாமா? ஜென்னருக்கு முன்பு, மனித அம்மைச் சீழையே குத்தும் முறை இருந்த காலத்தில், ஆபிரகாம் நான்சிக் 1785இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் அதை அனுமதித்தார். பின்னர் பசுவம்மைத் தடுப்பை ஆதரித்த இசுரவேல் லிப்சித்சு என்ற சமய அறிஞர், பிற இனத்துச் சான்றோர் வரிசையில் ஜென்னரையும் வைத்துப் போற்றினார்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு

புதிய மருத்துவத்துக்குப் பழமைச் சாயம் பூச முயன்றார் எல்லிசு. யூத அறிஞர்களோ அது புதியது என்பதை மறைக்கவில்லை. உயிரே பெரிது என்ற பழைய விதியைக் கொண்டு இரு ஆபத்துகளையும் எடைபோட்டனர். முன்னது சமய மக்களின் நம்பிக்கையை ஏமாற்றி ஒப்புதல் பெறும் வழி; உண்மை வெளிப்பட்டால் மருந்தின் மீதும் ஐயம் விழும். பின்னது அவர்களது அறிவை மதிக்கும் வழி.

1980இல் உலகிலிருந்தே பெரியம்மை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மாரியம்மன் வழிபாடு நிற்கவில்லை. சின்னம்மை கண்ட வீட்டு வாசலில் இன்றும் வேப்பிலை தொங்குகிறது. அதே வீட்டுக் குழந்தைக்குத் தடுப்பூசியும் போடப்படுகிறது.