வாங்குபவருக்கும் ஒரு தரகர்

அமெரிக்க வீட்டுச் சந்தையில் நெடுங்காலம் தரகர் என்றாலே விற்பவரின் முகவர் என்பதுதான் பொருள். தரகர்கள் தத்தம் கைவசமிருந்த வீடுகளின் விவரங்களைப் பகிர்ந்துகொண்ட கூட்டுப் பட்டியல் முறையில், வாங்குபவரை அழைத்துச் சென்று வீடு காட்டியவரும் விற்பவரின் 'துணைமுகவர்', அதாவது விற்பவருக்கே விசுவாசக் கடமைப்பட்டவர், என்று கருதப்பட்டதால், எந்த விலைவரை ஏறலாம் என்று வாங்குபவர் நம்பிச் சொன்னதும் எதிர்த்தரப்புக்கு உரிய செய்தியாயிற்று. வாங்குபவரில் பெரும்பாலோர் இதை அறியாதிருந்ததைக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் 1983ஆம் ஆண்டு அறிக்கை வெளிப்படுத்தியது.

1990களில் வாங்குபவருக்கே கடமைப்பட்ட முகவர்கள் பெருகினர். எனினும் அவர்களுடைய தரகு விற்பவர் தரப்பிலிருந்தே பங்கிடப்பட்டதால், அதைப் பேரம் பேசலாம் என்ற எண்ணமே வாங்குபவரிடம் அரிதாயிருந்தது. தரகை உயர்த்திவைக்கச் சதி நடந்ததாக 2023 அக்டோபரில் கன்சாஸ் சிட்டி நடுவர் குழு தீர்ப்பளித்ததைத் தொடர்ந்து, தேசியத் தரகர் சங்கம் 41.8 கோடி டாலர் சமரசத்துக்கு இணங்கியது. அதன்படி, 2024 ஆகஸ்ட் 17 முதல், கூட்டுப் பட்டியலில் பங்குபெறும் முகவர் வீட்டைக் காட்டுமுன்பே வாங்குபவருடன் எழுத்து ஒப்பந்தம் செய்து, ஊதியத்தைத் திட்டவட்டமாகக் குறிப்பதோடு, அது சட்டம் விதித்ததன்று, பேசி முடிவுசெய்யத்தக்கது என்றும் அதில் எழுத வேண்டும். வாங்குபவரின் பேரவுரிமை ஏட்டில் ஏற இத்தனை காலம் ஆயிற்று. கையொப்பத்துக்கு முன் அதைப் பயன்படுத்துவதே அதற்குச் செய்யும் நியாயம்.