வானொலியும் ரேடியோ நெல்லும்

'வான்' என்றால் தலைக்கு மேல் தெரியும் வெளி மட்டுமல்ல. மேகமும் மழையும் அந்தச் சொல்லுக்குள் உண்டு. மழையைப் போற்றும் குறள் அதிகாரத்தின் பெயரே 'வான்சிறப்பு'. பழம்புலவர் ஒருவர் காதில் 'வானொலி' என்று சொல்லியிருந்தால் அவர் இடியோசை என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்.

இன்று நாம் அறிந்த பொருள் இருபதாம் நூற்றாண்டில் ஏறியது. 1924-ல் கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியில் சென்னை மாகாண ரேடியோ கிளப் பிறந்தது. பணமுடையால் 1927-ல் ஓய்ந்தது. 1930-லிருந்து சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை நடத்தியது. 1938 ஜூன் 16 அன்று சென்னையிலும், 1939 மே 16 அன்று திருச்சியிலும் ஆல் இந்தியா ரேடியோவின் நிலையங்கள் திறக்கப்பட்டன. நிகழ்ச்சி நிரலைத் தாங்கி வந்த தமிழ் இதழுக்கு 'வானொலி' என்றே பெயர். அச்சில் அந்த இதழும் காற்றில் அறிவிப்பாளர் குரலுமாகச் சொல் ஊருக்குள் நடந்தது.

ரேடியோ என்பது கதிரைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. 'கம்பியில்லாத் தந்தி'யோ இல்லாத கம்பியைப் பற்றியே பேசிற்று. வானொலி என்ற பெயரில்தான் காதுக்கு இடம் கிடைத்தது. கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை விட்டுவிட்டு, கேட்பவருக்கு என்ன நேர்கிறது என்பதை அது சொன்னது. அதனாலேயே அது எனக்கு உயர்ந்த ஆக்கமாகப் படுகிறது.

1935-ல் மைசூரில் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி தம் வீட்டிலேயே ஒரு சிறு நிலையம் நடத்தினார். அதன் பெயர் ஆகாசவாணி. 1957 முதல் 'ஆகாஷ்வாணி' நாடு முழுமைக்குமான பெயரானபோது தமிழகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. டெல்லியிலிருந்து வந்த தமிழ்ச் செய்தி 'ஆகாஷ்வாணி' என்று தொடங்கியது. திருச்சியும் சென்னையும் தம்மை 'வானொலி நிலையம்' என்றே அறிவித்துக்கொண்டன. மொழிப்பற்று இதற்குப் பெரிய காரணம். பொருளிலும் எனக்கு ஒரு வேறுபாடு தெரிகிறது. ஆகாசவாணி என்பது புராணத்து அசரீரி. கம்சன் கேட்டது போன்ற வாக்கு. அதற்கு மறுபேச்சு கிடையாது. வானொலிக்கு நம் மக்கள் தபால் அட்டையில் பதில் எழுதினார்கள்.

எழுதியவர்களை நிலையம் என்னவென்று அழைத்தது? 'நேயர்களே!' 'கேட்போர்' என்று சொல்லியிருக்கலாம். இலக்கணத்தில் பிழை இராது. நேயம் என்றால் அன்பு. வடமொழி 'ஸ்நேக'த்தின் வழியில் வந்து, சைவப் பாடல்களில் இறைவன்மேல் வைத்த பற்றைக் குறித்த சொல். முகம் தெரியாத ஒருவரை, எந்த ஊர், எந்தத் தெரு என்று அறியாமலே அன்புக்குரியவராக்கிக்கொண்டது இந்த விளி. 'நேயர் விருப்பம்' என்ற இரண்டு சொல்லில் இருந்த உரிமையை அந்தக் காலத்துக் காதுகள் நன்றாக அறியும். 1952-ல் பி.வி. கேஸ்கர் ஒலிபரப்பு அமைச்சரானபின் திரைப்பாட்டு சுருங்கியது. விருப்பம் கேட்ட நேயர்கள் சிற்றலையைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கும்வரை இங்கே அதற்கு ஈடு இல்லை.

ஐம்பதுகளில் ஒரு நாள் எப்படி விடிந்தது? வால்வு ரேடியோவின் குமிழைத் திருகினால் உடனே சத்தம் வராது. வால்வு சூடேற வேண்டும். பிறகு தம்புராச் சுருதியின்மேல் ஆல் இந்தியா ரேடியோவின் முகப்பு இசை. அதை அமைத்தவர் செக் நாட்டிலிருந்து வந்து பம்பாய் நிலையத்தில் பணியாற்றிய வால்டர் காஃப்மன். பின் நாகசுர மங்கள இசை, செய்தி. டெல்லிச் செய்தியைச் சென்னை வாங்கித் தருவதற்கு 'அஞ்சல் செய்தல்' என்று பெயர். திருவிதாங்கூரில் அஞ்சற்காரர்கள் மணி கட்டிய கோலோடு ஓடிப் பையைக் கைமாற்றினார்களே, அதே அஞ்சல். ஓட்டத்தை அலைக்கு மாற்றியவர் யாராயினும் அவருக்குச் சொல்லின் நாடி தெரிந்திருக்கிறது. வீட்டு ரேடியோவுக்கு உரிமம் வாங்கவும் அன்று தபாலாபீசுக்குத்தான் போக வேண்டியிருந்தது.

வீட்டில் மட்டும் வேறு வழக்கு. நிலையம் வானொலியாக இருந்தாலும் பெட்டி ரேடியோதான். "ரேடியோவைப் போடு" என்பார்களே தவிர 'வானொலியைப் போடு' என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. பஞ்சாயத்துத் திண்ணையில் பாடியதும் ரேடியோதான்.

'ஒலிபரப்பு' என்ற சொல்லுக்கு இணையான ஆங்கிலச் சொல்லான 'பிராட்காஸ்ட்' வயலிலிருந்து போனது. உழுத நிலத்தில் உழவர் கையால் விதையை அள்ளி வீசித் தெளிப்பதற்கு ஆங்கிலேயர் வைத்திருந்த பெயர் அது. தமிழாக்கியவர்கள் விதையை விட்டுவிட்டுப் பரப்புதலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். விட்ட விதை காவிரிக்கரையில் திரும்பி வந்தது. அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஏடிடி 27 என்ற குறுகிய கால நெல்லைக் கொடுத்தது. குறுவைக்கு ஏற்ற ரகம். நாற்று விடுவது, உரம் வைப்பது எல்லாம் திருச்சி நிலையத்தின் விவசாய நிகழ்ச்சி வழியே தஞ்சை மாவட்ட உழவர்களின் காதுக்கு எட்டின. ஏடிடி என்ற எழுத்தும் எண்ணும் அவர்கள் வாயில் நிற்கவில்லை. விதை கேட்டுப் போனவர்கள் 'ரேடியோ நெல்' என்று கேட்டு வாங்கினார்கள்.