வீடும் வீதியும்

வீடு ஒருவருடையது, வீதி ஊரார் அனைவருக்கும் உரியது. இரண்டும் முரண்பட்டால் நகரம் செய்யத்தக்கது யாது? இலண்டன் மாநகர வரலாறு இதற்கு விடை கூறுகிறது.

1666-ஆம் ஆண்டு செப்டம்பரில் அங்கே 13,000-க்கு மேற்பட்ட வீடுகள் தீக்கு இரையாயின. குறுகிய தெருக்களும் மரவீடுகளும் தீயை வளர்த்தன. 1667-இல் பிறந்த சட்டம், சுவர்கள் செங்கல்லாலோ கல்லாலோ எழ வேண்டும் என்றது; தெருவின் தரத்திற்கேற்ப வீட்டின் உயரத்தை வரையறுத்தது.

மனைக்கு உரியவர் முதலில் நகர மன்றத்தில் கட்டணம் செலுத்திச் சீட்டுப் பெறுவார். பின்னர் நில அளவையாளர் வந்து முளையடித்து எல்லை காட்டுவார். அதன் பிறகே கடைக்கால் எழும்பும். மாணவர்களே, சுருள்வில் விதியால் நீங்கள் அறிந்த இராபர்ட் ஹூக்கும் அவ்வளவையாளருள் ஒருவர்.

தெருவை அகலமாக்க எடுத்த நிலத்தையும் அவர்கள் அளந்து சான்று அளித்தனர். நிலக்கரி வரியிலிருந்து ஈட்டுத்தொகை வழங்கப்பட்டது. குடிமகனுக்கு எல்லை வகுத்த நகரம், அவன் இழந்த நிலத்திற்கு விலை கொடுக்கும் கடமையையும் ஏற்றது.