ஆலங்காட்டில் என்ன வளர்ந்தது?

திருவாலங்காடு என்றதும் விழுதூன்றிய ஆலமரங்கள் செறிந்த பெருவனம் ஒன்று நம் மனத்தில் எழுகிறது. வடாரண்யம் என்ற வடமொழிப் பெயரும் அவ்வாறே எண்ணவைக்கிறது. ஆனால் காரைக்கால் அம்மையாரின் மூத்த திருப்பதிகங்களில் நாம் காணும் நிலம் வேறு. கள்ளி, காரை, சூரை, ஈகை, வாகை, எட்டி என அங்கே வளர்பவை பெரும்பாலும் வறண்ட நிலத்தின் முள்ளும் புதரும் மரமுமே. சுடலை சூழ்ந்த அந்த வெளியும் அவருக்குக் காடுதான். சுடுகாடு என்ற சொல்லிலும், புன்செய் நிலத்தைக் காடு என்னும் கொங்கு வழக்கிலும் அந்தப் பொருள் இன்றும் எஞ்சியிருக்கிறது.

1856இல் சென்னை மாகாண அரசு இரண்டு பதவிகளை உருவாக்கியது. ஹியூ கிளெக்ஹார்ன் வனப் பாதுகாவலரானார். லின்னேயஸ் டிரைப் அரசு நிழற்படக் கலைஞரானார். காடும் கருவியும் அப்போது ஒன்றுசேரவில்லை. டிரைப் தேடிச் சென்றவை கோயில்களும் கோட்டைகளும். தாவரங்கள் அவர் படங்களில் பின்னணியாகவே இடம்பெற்றன. எதிர்மங்களில் இலைத்திரளை வண்ணம் தீட்டித் திருத்துவதும் அவர் வழக்கம். தாவர வரலாற்றுக்குச் சான்று தேடுவோர் இதை மறந்துவிடலாகாது.

காட்டையே குறிவைத்த படப்பிடிப்பு பின்னர் வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதியாக இருந்த பர்மாவில், 1924இல் ஐராவதி கழிமுகக் காடுகள் வானிலிருந்து படமெடுக்கப்பட்டன. வனத்துறைக்கு வேண்டியிருந்தது மரங்களின் கணக்கு.

நீலகிரியின் பழைய படங்கள் வேறொன்றைச் சொல்கின்றன. சாமுவேல் போர்னும், உதகையில் படக்கூடம் நடத்திய ஏ. டி. டபிள்யூ. பென்னும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடுத்த படங்களை இன்றைய மலைகளோடு ஒப்பிட்டால், பல சரிவுகளில் மரங்கள் கூடியிருப்பதைக் காணலாம். மடிப்புகளில் சோலையும் முகடுகளில் புல்லுமாக இருந்த நிலத்தைத் தரிசு என்று கருதி, கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் நட்டதன் விளைவு அது. பச்சை பெருகியது; புல்வெளி அழிந்தது.

2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் வன, மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவதை இலக்காகக் கொண்டது. நோக்கம் நன்று. எனினும் ஒவ்வோரிடத்திலும் நடுவதற்கு முன், அங்கே முன்பு என்ன வளர்ந்தது என்று கேட்டாக வேண்டும். விடை பழைய நிழற்படத்தில் இருக்கலாம். படமில்லாத ஊர்களில் பதிகத்திலும் இருக்கலாம். சூரையும் காரையும் வளர்ந்த வெளியைக் காடென்று ஏற்கும் மொழி நம்முடையது. அந்தப் பொருளை இழந்தால், முள்வெளியையும் புல்வெளியையும் நாமே வெற்றிடம் என்று எழுதிவைத்துவிடுவோம்.