நடுவரை மறுக்கும் உரிமை

ராணுவம் தொட்ட இரண்டு வழக்குகளை வைத்தே குற்ற விசாரணையின் நேர்மையைப் பேசலாம்.

முதல் வழக்கின் களம் ஐதராபாத். 1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்தபின் ஜே.என். சௌத்ரி ராணுவ ஆளுநரானார். தெலங்கானா விவசாயிகள் போராட்டத்தில் கைதான கம்யூனிஸ்டுகளைச் சிறப்புத் தீர்ப்பாயங்கள் விசாரித்தன. 1949இல் பன்னிருவருக்குத் தூக்கு. தங்களுக்கு வழக்கறிஞர் அமையவில்லை என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த டி.என். பிரிட் அவர்களுக்காக வாதாடினார். 1951இல் ஜனார்தன ரெட்டி வழக்கில் பசல் அலி எழுதிய தீர்ப்பு, தீர்ப்பாயமே வழக்கறிஞரை அமர்த்த முயன்றிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் அது நடத்திய முறையில் உள்ள குறைதான், விசாரிக்கும் அதிகாரத்தையே பறிக்கும் குறையல்ல என்று மனுவைத் தள்ளியது. உயிர் போகும் வழக்கில் இந்த வேறுபாடு எனக்கு இன்றும் உறுத்துகிறது. பின்னர் தண்டனை ஆயுளாகக் குறைந்தது கருணையால்தான், சட்டத்தால் அல்ல. வழக்கறிஞர் இல்லாத ஏழையின் தண்டனை செல்லாது என்று சுக்தாஸ் வழக்கு சொல்ல 1986 ஆயிற்று.

மறு ஆண்டே வந்தது ரஞ்சித் தாக்கூர் வழக்கு. அவர் ஒரு சிக்னல்மேன். தன் அதிகாரி கொடுமைப்படுத்துவதாக மேலிடத்துக்கு நேரடியாக எழுதினார். அதற்காக அதே அதிகாரி அவருக்கு 28 நாள் கடுங்காவல் விதித்தார். காவலில் இருக்கையில், 1985 மே 29 அன்று, சாப்பிடச் சொன்ன உத்தரவுக்கு இணங்க மறுத்தார். மறுநாளே ராணுவ நீதிமன்றம் கூடியது. ஓராண்டுச் சிறை, பணிநீக்கம். விசாரித்தவர்களில் அந்த அதிகாரியும் ஒருவர்!

நீதிபதி வெங்கடாசலையா இதை ரத்து செய்தார். நடுவர் தன் மனச்சாட்சியைக் கேட்டுப் பயனில்லை, எதிரே நிற்பவன் மனத்தில் நியாயமான அச்சம் எழுமா என்பதே அளவுகோல் என்றார். அந்த அதிகாரி அமர்ந்ததாலேயே அது நீதிமன்றமாக இல்லாமல் போயிற்று என்றும் கண்டார். 1951இல் முறைக்குறையாகப் போனது போன்ற ஒன்று இங்கே அதிகாரத்தையே அழித்தது.

இந்தத் தீர்ப்பில் ஓர் இடறல் உண்டு. உறுப்பினர் பெயர்களைப் படித்து, இவர்களில் யாரையாவது மறுக்கிறாயா என்று குற்றம் சாட்டப்பட்டவரைக் கேட்க வேண்டும் என்கிறது ராணுவச் சட்டத்தின் 130ஆம் பிரிவு. அப்படிக் கேட்கவில்லை என்பதும் தீர்ப்புக்கு ஒரு காரணம். ஆனால் அந்தப் பிரிவு பட்டியலிடும் நீதிமன்றங்களில், தாக்கூரை விசாரித்த சுருக்க ராணுவ நீதிமன்றம் இல்லை. பாரபட்சம் பற்றிய பகுதி அதனால் சாய்ந்துவிடவில்லை.

விந்தை என்னவென்றால், பெரிய ராணுவ நீதிமன்றத்தில் நிற்கும் சிப்பாயிடம் கேட்கப்படும் அந்தக் கேள்வியை, செஷன்ஸ் கோர்ட்டில் நிற்கும் குடிமகனிடம் யாரும் கேட்பதில்லை. நீதிபதிமேல் ஐயம் இருந்தால், வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றக் கோரி அவனே மனுப் போட வேண்டும். அதற்கும் வக்கீல் வேண்டும்.